காக்கை வராத இலைக்கு வந்தவள்

என் பேரைத் தூக்கி ஒரு பறவைக்கு வைத்துவிட்டுப் போன என் மைனிக்கு,

சுகமாக இருக்கிறாயா என்று கேட்க மாட்டேன். போன இடத்தில் நல்ல ஜன்னலாகப் பார்த்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பாய், எனக்குத் தெரியும். பக்கத்தில் இருக்கிறவர்களை எல்லாம் "சத்தம் போடாதீங்க, வந்திருக்கு" என்று அடக்கிக்கொண்டிருப்பாய். பாவம் அவர்கள்.

உன் முதல் வருஷத் திதி போன வாரம் முடிந்தது. அதில் ஒரு பெரிய கூத்து நடந்தது. குற்றவாளி நான்தான். என் அண்ணனிடம், அதாவது உன் புருஷனிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன், அடுத்த வீட்டு ஓமனச் சேச்சியிடமும் சொல்லிவிட்டேன். பாக்கி இருப்பது நீ ஒருத்தி. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் போகவில்லை. உன் மகள் சுபா பிழை திருத்தித் தருகிறேன் என்றிருக்கிறாள். எழுத்தைத் திருத்து, என் வாயைத் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன்.

முதலில் உன் ஆட்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது எதுவும் உன் காதில் ஏறாது.

பச்சைக் குக்குறுவான் ஜோடி முருங்கையின் பட்ட கிளையில் பொந்து குடைந்து குடும்பம் நடத்தியது. காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை குட்ரூ குட்ரூ என்று ஒரே பாட்டு. கொண்டைக்குருவி குரோட்டன்ஸ் செடியில் கூடு கட்டி இரண்டு குஞ்சு பொரித்தது. நான் துணி காயப்போடும் கயிற்றை இரண்டு வாரம் அந்தப் பக்கம் கட்டவில்லை, என் சேலை எல்லாம் ஓமனச் சேச்சி வீட்டில்தான் காய்ந்தது. தவிட்டுக்குருவிகள் ஏழும் ஏழுதான். கூட்டமாக வந்து, சண்டை போட்டு, கூட்டமாகப் போகின்றன. உன் பிறந்த வீட்டு ஆட்கள் என்று நான் சொல்வேனே, அந்தக் குணம் மாறவே இல்லை.

நினைவிருக்கிறதா, இது எப்படி ஆரம்பித்தது என்று? சுபா வேலை கிடைத்துக் கழக்கூட்டத்தில் ஹாஸ்டலுக்குப் போனதும் வீடு ஊமையாகிவிட்டது. அண்ணன் விடிந்ததும் ஆட்டோவை எடுத்துக்கொண்டு தம்பானூர் ஸ்டாண்டுக்குப் போய்விடுவான். நான், தங்கியிருக்கும் பின்கட்டு அறையிலேயே உட்கார்ந்து, நாகர்கோவில் பஸ்ஸில் வரும் பூவைக் கட்டிக்கொண்டிருப்பேன். கட்டி முடித்துச் சாயங்காலம் கிழக்கேகோட்டைக்கு விற்கக் கொண்டுபோக வேண்டும். நீ ஒரு நாள் இரண்டு சிரட்டையில் துளை போட்டு, கயிறு கட்டி, இரும்பன்புளி மரத்தில் தொங்கவிட்டாய். அதில் தினை.

"என்ன மைனி, மரத்துக்குக் கம்மல் போட்டுவிடுதியா?" என்று கேட்டேன்.

"குருவிக்குத்தாம்ட்டீ."

"குருவி வந்து உன்கிட்ட எனக்குப் பசிக்குதுன்னு சொல்லிச்சா?"

ஒரு மாதம் ஒரு குருவியும் எட்டிப் பார்க்கவில்லை. காற்றுக்கும் மழைக்கும் தினை கீழே சிந்தி, மரத்தடியில் பச்சைப்பசேல் என்று முளைத்துவிட்டது. நம் கரமனையில் தினை விவசாயம் பண்ணிய முதல் ஆள் நீதான் என்று நான் தெரு முழுக்கச் சொன்னேன். நீ கோபப்படவே இல்லை. ஒரு நாள் கறுத்துப்போன பாளையங்கோடன் வாழைப்பழம் ஒன்றைத் தூரப் போட மனசில்லாமல் கிளையில் இருந்த ஆணியில் குத்தி வைத்தாய். அரை மணி நேரத்தில் குக்குறுவான் வந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான். நம் ஊர்ப் பறவைக்குத் தானியம் வேண்டாம், பழம்தான் வேண்டும் என்று நீயாகக் கண்டுபிடித்தாய். சிரட்டை இறங்கியது, ஈயத் தட்டு ஏறியது. பக்கத்தில் மண்சட்டியில் தண்ணீர்.

அதற்கப்புறம் உன் சட்டதிட்டம் தாங்க முடியவில்லை. தட்டைத் தினமும் கழுவ வேண்டும், பழசு புளித்தால் அதுகளுக்கு வயிறு கெடும். சட்டித் தண்ணீரைத் தினமும் கொட்ட வேண்டும், இல்லையென்றால் கொசு. நான் பாசமாக ஒரு பிடி மிக்சர் வைத்தேன், உப்பும் காரமும் ஆகாது என்று என்னை ஓட ஓட விரட்டினாய். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: வைத்துவிட்டு உள்ளே வந்துவிட வேண்டும். "நம்ம உள்ள போனாத்தான் அதுக வெளிய வரும்" என்பாய். அடுக்களை ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு, அரிசி பொறுக்குகிற மாதிரி நடிப்பாய்.

பேர் வைத்த கதையை நான் மறப்பேனா? ஒரு நாள் நீளவால்காரி ஒருத்தி வந்தாள். கறுத்த தலை, செங்கல் நிறத்தில் உடம்பு, தரையைக் கூட்டுகிற மாதிரி வால். அவள் சத்தம் சில நேரம் மணி அடிக்கிற மாதிரி இருக்கும், சில நேரம் தகரத்தைக் கிழிக்கிற மாதிரி. வந்தவள் தட்டில் இருந்த பப்பாளியில் பாதியை ஒரே மூச்சில் விழுங்கினாள். ஓமனச் சேச்சி மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அது ஓலேஞ்ஞாலி என்றார். வால்காக்கை என்று நம் பக்கம் சொல்வார்கள் என்று நான் சொன்னேன். நீ இரண்டையும் ஒதுக்கிவிட்டாய்.

"ரெண்டும் வேண்டாம். இவ பேரு செல்லக்கனி."

"என் பேரா? எதுக்கு?"

"பாரு நீயே. நீளச் சடை, கெட்ட தொண்டை, அடுத்தவங்க பண்டத்து மேல கண்ணு. அப்படியே என் நாத்தனாதான்."

அன்றிலிருந்து இந்த வீட்டில் இரண்டு செல்லக்கனி.

இனி குற்றத்துக்கு வருகிறேன். உனக்குப் பிடிக்காத ஒரே பறவை காக்கை. மற்றதைச் சாப்பிட விடாமல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறது என்று உனக்கு ஆத்திரம். தட்டுப் பக்கம் காக்கை வந்தால் ஜன்னலில் இருந்தபடியே கையைப் பட்டென்று தட்டுவாய், காக்கை பறந்துவிடும். மற்றவை உன் சத்தத்துக்குப் பழகி அசையாமல் தின்னும். நீ ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அந்த வேலை என் தலையில் விழுந்தது.

அதற்கு முன்னால் இன்னொன்று. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு நீ என்ன கேட்டாய்? "அதுகளுக்கு வச்சியா?" நான் வைத்தேன் என்றேன். "என் பேருகாரி வந்தா. மைனி எங்கன்னு கேட்டா" என்றேன். நீ குழாய் ஆட ஆடச் சிரித்தாய், நர்ஸ் வந்து என்னைத் திட்டினாள். அன்றைக்கு நான் வைக்கவில்லை, மைனி. தட்டு மூன்று நாளாகக் காலியாகக் கிடந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பப்பாளியை வெட்டி வைத்தேன். நீ இருக்கும்போதே அதைச் சொல்லியிருக்கலாம். நீ போய்விடுவாய் என்று யாருக்குத் தெரியும்?

அதற்கப்புறம் ஒரு நாள் தவறவில்லை. ஆனால் காக்கைகள் என்னை மதிக்கவில்லை. நான் கை தட்டினால், பாட்டுக்குத் தாளம் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மூலையில் கிடந்த ஒரு கறுப்புக் குடையின் துணியைக் கிழித்துச் சுருட்டி, செத்த காக்கை மாதிரி இரண்டு பக்கமும் இறக்கை விட்டு, மரத்தில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டேன். கூடவே கையையும் தட்டினேன். அன்றைக்குக் கரமனைக் காக்கைகள் மொத்தமும் மதில் மேல் கூடி ஒரு மணி நேரம் ஒப்பாரி வைத்தன. மறுநாளிலிருந்து ஒரு காக்கை நம் மனைக்குள் இறங்கவில்லை. பத்து மாதம்! எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா? மைனியால் முடியாததை நான் முடித்தேன் என்று ஓமனச் சேச்சியிடம் பீற்றிக்கொண்டேன்.

திதி என்று ஒன்று வரும், அதற்குக் காக்கை வேண்டும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

திதியன்று உனக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தோம். உளுந்தவடை, அவியல், பால்பாயசம், போளி. சுபா லீவு போட்டு வந்திருந்தாள். அண்ணன் காலையில் பழக்கத்தில் சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டுவிட்டான், ஒன்பது மணிக்குள் காக்கை எடுத்துவிடும், உடனே சாப்பிட்டுவிடலாம் என்ற நினைப்பில். கிணற்றடிக் கல்லின் மேல் இலை போட்டுப் படைத்தோம். அண்ணன் இந்த ஊர் வழக்கப்படி கையை நனைத்து, காக்கையைக் கூப்பிடக் கை கொட்டினான்.

அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. ஓடிப்போய்க் குடைத்துணியை அவிழ்த்துச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டேன். அவிழ்த்து என்ன பயன்? காக்கைகள் ஓமனச் சேச்சி வீட்டுத் தென்னையில் வரிசையாக உட்கார்ந்து பார்க்கின்றன. அண்ணன் ஒவ்வொரு முறை கை கொட்டும்போதும் ஒரு மட்டை பின்னால் நகர்கின்றன.

பத்து மணி ஆனது. பதினொன்று ஆனது. ஓமனச் சேச்சி மதிலில் தலை வைத்துக் கேட்டார்.

"எந்தா செல்லம், காக்கா வந்நில்லே?"

"வரும் சேச்சி. மேக்கப் போட்டுட்டிருக்கு."

பாவம், உதவிக்கு என்று அவரும் கையை நனைத்துக் கொட்ட ஆரம்பித்தார். இரண்டு பக்கமும் கைதட்டல். கச்சேரி மாதிரி இருந்தது.

பன்னிரண்டரைக்கு அண்ணன் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டான். முகமெல்லாம் வேர்வை, விரல் நடுங்குகிறது. சுபா ஒரு தம்ளரில் சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"அப்பா, இதக் குடிங்க. மாத்திரை போட்டுட்டு இப்படி இருந்தா சரியாவாது."

"அவ சாப்பிடாம எனக்கு வேண்டாம்."

"அப்பா!"

"வேண்டாம்னு சொன்னேம்லா."

சுபா அழுகிற முகத்தோடு என்னைப் பார்த்தாள். நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அவன் மெல்லச் சொன்னான், ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாததை.

"அவ என் மேல கோவத்துல போயிட்டாட்டீ."

நீ ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள். அண்ணன் மரத்தடியில்தான் ஆட்டோவை நிறுத்துவான். தட்டுக்கு வருகிற கூட்டம் எல்லாம் சீட்டு மேலே போட்டுவிட்டுப் போகும். அன்றைக்கு ஒரு சவாரிக்காரர் வெள்ளை வேட்டியோடு அதில் உட்கார்ந்துவிட்டாராம். சண்டை. நான் பூ விற்கப் போயிருந்த நேரம், வீட்டுக்கு வந்தவன் தட்டைத் தூக்கி மதிலுக்கு வெளியே எறிந்திருக்கிறான். நாளைக்கே மரத்தை வெட்டி, பின்பக்கம் முழுக்க இன்டர்லாக் கல் போடப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

"நாலு வார்த்தை ஏசியிருந்தா பரவாயில்ல. ஒண்ணுமே பேசலட்டீ. போய்த் தட்டப் பொறுக்கிட்டு வந்து, கழுவி வச்சா. அவ்வளவுதான். மறுநாளு மூச்சு முட்டுதுன்னா." இலையைக் காட்டினான். "பாரு. இன்னைக்கும் பேச மாட்டேங்கா."

இதனால்தான் அவன் ஒரு வருஷமாகப் பின்பக்கமே வரவில்லை. இதனால்தான் ஆட்டோவைத் தெருவில் நிறுத்தினான். நான் இதுவரை, மதிலோரத்தில் இடம் நெருக்கடி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கூடவே இருந்து என்ன பார்த்தேன் நான்?

சேலைக்குள் இருந்ததை எடுத்து அவன் முன்னால் போட்டேன்.

"அண்ணே, அவ மேல பழி போடாத. காக்காவ ஓட்டினது நான்."

குடைத்துணி, செத்த காக்கை, பத்து மாதம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவன் துணியைத் தூக்கிப் பார்த்தான். பிரித்துப் பார்த்தான்.

"ஏட்டீ, இது என் குடைல்லா? மழக்காலம் பூரா தேடினேனே. சவாரிக்கு வந்த எவனோ எடுத்துட்டுப் போயிட்டான்னு ஊரெல்லாம் சொன்னேனே!"

"அந்த சவாரிக்காரி நான்தான். திட்டுதத அப்புறம் திட்டு. இப்ப எல்லாரும் எந்திரிங்க, உள்ள போங்க. சேச்சி, நீங்களும் கையக் கொட்டாதீங்க. அந்தச் சத்தத்துக்குத்தான் அதுக பயந்து ஓடுது."

"அய்யோ, ஞான் சகாயிக்கான் வந்ததல்லே!"

"சகாயம் மதி சேச்சி, உள்ள போங்க."

அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உன் ஸ்டூலில் உட்கார வைத்தேன். முதல் தடவையாக அவன் அந்த ஜன்னலில் உட்காருகிறான். சர்க்கரைத் தண்ணீரைக் கையில் கொடுத்தேன், குடிக்கவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தான். நானும் சுபாவும் பின்னால் நின்றோம். நீ சொன்ன மாதிரி வாயை மூடிக்கொண்டு.

முதலில் அணில் வந்தது. இலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. அப்புறம் தவிட்டுக்குருவி ஏழும் மரத்தடியில் இறங்கிச் சருகைப் புரட்டின. கொண்டைக்குருவி சட்டியில் குளித்தது. குக்குறுவான் ஆணிப் பழத்தைக் கொத்தியது. அண்ணன் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதெல்லாம் தெனமும் வருமா?" என்று கிசுகிசுத்தான்.

"தெனமும் வரும். நீதான் வரல."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அவன் தலையை ஆட்டினான்.

அப்போது தகரம் கிழிகிற சத்தம். மதில் மேல் நீள வால். தலையைச் சாய்த்து இப்படி ஒரு பார்வை, அப்படி ஒரு பார்வை. நேராக இலை மேல் குதித்தாள். உருண்டைச் சோற்றைத் தொடவில்லை. அவியலைத் தொடவில்லை. இருக்கிறதிலேயே பெரிய வடையாகப் பார்த்துக் கவ்வினாள். கொண்டுபோய்க் கிளையில் வைத்து, காலால் அமுக்கிக்கொண்டு, பிய்த்துப் பிய்த்துத் தின்றாள். முடித்துவிட்டுத் திரும்ப வந்து சோற்றையும் நாலு வாய் எடுத்தாள்.

"அத்தே, போட்டோ எடுத்துட்டேன்" என்றாள் சுபா. அழுகையும் சிரிப்புமாக.

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான். "இது காக்கா இல்லையே."

"இல்ல. இவளுக்கு மைனி ஒரு பேரு வச்சிருக்கா."

"என்ன பேரு?"

"செல்லக்கனி."

அவன் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். "அட பாவி! தெனமும் சாயங்காலம் நான் வந்ததும் சொல்லுவா, இன்னைக்கு செல்லக்கனி பப்பாளி முழுசையும் தின்னு தீத்துட்டான்னு. என் தங்கச்சிக்கு அப்படி என்ன பப்பாளிக் கொதின்னு நெனச்சுட்டிருந்தேன். உனக்காகத்தாம்ட்டீ சாலைச் சந்தையில இருந்து தேடித் தேடிப் பப்பாளி வாங்கிட்டு வந்தேன்!"

இத்தனை வருஷம் இந்த வீட்டில் எனக்குப் பப்பாளிப் பைத்தியம் என்று பேர் இருந்திருக்கிறது, மைனி! எனக்குப் பப்பாளி பிடிக்கவே பிடிக்காது. நீ வேண்டுமென்றே அவனைத் திருத்தவில்லை, அல்லவா? பழம் வந்தால் சரி என்று விட்டுவிட்டாய். கள்ளி.

அண்ணன் சிரித்தான். சிரித்துக்கொண்டே தம்ளரை வாயில் வைத்தான், முழுவதும் குடித்தான். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் ஓமனச் சேச்சியும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"வீட்டிலுள்ளவள் வந்நு தின்னில்லே? அது மதி" என்றார். வீட்டு ஆளே வந்து தின்றாயிற்று, அது போதும் என்று தீர்ப்பு சொன்ன மாதிரி.

அண்ணன் இலை போட்டு உட்கார்ந்தான். நாலு போளி. நாலாவதுக்கு நான் கையைப் பிடித்தேன், விடவில்லை.

நான் ஒன்று கேட்கட்டுமா? அவளை நீ அனுப்பினாயா, இல்லை வடை வாசத்துக்கு அவளாக வந்தாளா? அனுப்புகிறதாக இருந்தாலும் வருஷமெல்லாம் விரட்டிய காக்கையிடம் எந்த முகத்தோடு போய்க் கேட்டிருப்பாய்? கோபம் இருந்ததா உனக்கு, அந்தத் தட்டைக் கழுவி வைத்த அன்றைக்கு? இருந்திருந்தால் கழுவி வைத்திருப்பாயா? எனக்கு இதெல்லாம் தெரியாது. வடை பிடிக்காத செல்லக்கனி கிடையாது, அது மட்டும் தெரியும்.

இப்போதைய சேதி: ஒரு வருஷமாக இழுத்தடித்த இன்டர்லாக் கல்காரரிடம் அண்ணன் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லிவிட்டான். சாலைச் சந்தையில் நீலத் தார்ப்பாய் ஒன்று வாங்கி வந்து, ஆட்டோவுக்குப் போர்த்தி, மறுபடியும் மரத்தடியில் நிறுத்துகிறான். தினமும் அதைக் கழுவுவதும் அவன்தான். காலையில் சவாரிக்குப் போவதற்கு முன்னால் கால் மணி நேரம் ஸ்டூலில் உட்காருகிறான். நேற்று என்னிடம், "சத்தம் போடாத, வந்திருக்கு" என்றான். உன் குரல் அப்படியே. அவனுக்கு நான் ஒரு குடை வாங்கித் தர வேண்டும் என்று மட்டும் தினமும் நச்சரிக்கிறான், வாங்கிக் கொடுத்துவிடுகிறேன்.

உனக்குப் பிடிக்காத ஒன்றும் செய்யப் போகிறேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மதிலின் அந்தக் கோடியில், உன் தட்டுக்கு எட்டாத தூரத்தில், தினமும் ஒரு பிடி சோறு காக்கைக்கு. நான் செய்த அநியாயத்துக்கு நான்தான் சமாதானம் பேச வேண்டும். இன்றைக்கு ஒரு கிழக் காக்கை தென்னையிலிருந்து இறங்கி, எடுத்துக்கொண்டு பறந்துவிட்டது. என்னை முறைத்துவிட்டுத்தான் போனது. பரவாயில்லை, ஒரு வருஷம் இருக்கிறது.

அடுத்த திதிக்கு இலையில் இரண்டு வடை வைப்பேன். ஒன்று காக்கைக்கு, ஒன்று அவளுக்கு. யாரும் கை கொட்ட மாட்டோம். வைத்துவிட்டு உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவோம், அண்ணன் ஸ்டூலில், நான் பின்னால். நீ நிதானமாக வா. எந்த இறக்கையோடு வந்தாலும் சரி. தட்டு கழுவித்தான் இருக்கும்.

நீ கூப்பிட்டும் வந்து, கூப்பிடாமலும் வந்து வடையைத் தூக்குகிற
உன் நாத்தனார்,
செல்லக்கனி